ஒரு ஆள் சமையல்: தனியாக வாழும் பெரியவர்கள் நன்றாகச் சாப்பிட ஒரு முழு வழிகாட்டி

"எனக்கு ஒருத்திக்கு என்ன பெரிய சமையல்?" ஊரில் தனியாக இருக்கும் அம்மாக்கள் எல்லோரும் சொல்லி வைத்தாற்போல் இதைச் சொல்வார்கள். ஆறு பேருக்கு ஆக்கிப் போட்ட கை, ஒருவருக்காக அடுப்பைப் பற்றவைக்கத் தயங்குகிறது. முதலில் பொரியல் நிற்கும். அப்புறம் சாம்பார் போய் ரசம் மட்டும் மிஞ்சும். கடைசியில் காலையில் வடித்த சாதமும் மோரும் ஊறுகாயுமாக மூன்று வேளையும் ஓடிவிடும். அப்பாக்கள் கதை வேறு. சமையலறைப் பக்கமே எட்டிப் பார்க்காதவர், மனைவி போன பிறகு டீக்கடை பன்னிலும் ஓட்டல் இட்லியிலும் நாளைக் கடத்துவார்.

தமிழ்நாட்டில் 2021க்கான மக்கள்தொகைக் கணிப்பின்படி 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம். கேரளத்துக்கு (16.5 சதவீதம்) அடுத்த இடம் நமக்குத்தான். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ துபாயிலோ இருக்க, பெரியவர் மட்டும் ஊரில் தனியாக இருக்கும் வீடு தெருவுக்கு ஒன்றாவது உண்டு. இவர்களில் பெரும்பாலோர் பட்டினி கிடப்பதில்லை. வயிறு நிறைகிறது, சத்துதான் சேர்வதில்லை. டயட் சார்ட் அச்சடித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவதால் இது மாறப்போவதில்லை. ஒரு ஆளுக்குச் சமைப்பதும் சாப்பிடுவதும் சுலபமானால் மாறும். கீழே உள்ளவை எல்லாம் அதற்கான வேலைகள். பெரும்பாலும் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். தனியாக இருப்பவரே படித்தாலும் பொருந்தும்.

படி 1: உண்மையில் என்ன சாப்பிடுகிறார் என்று கண்டுபிடியுங்கள்

போனில் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டால் "ஆச்சுப்பா" என்றுதான் பதில் வரும். பால் இல்லாத டீயும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பிட்டிருந்தாலும் "ஆச்சு"தான். கேள்வியை மாற்றுங்கள். "இன்னிக்கு என்ன குழம்பு?" "தொட்டுக்க என்ன?" "நேத்து ராத்திரி என்ன பண்ணே?" என்று பேச்சுவாக்கில் கேளுங்கள். நாலைந்து நாள் தொடர்ந்து குழம்பின் பெயரே வரவில்லை என்றால் அங்கே சமையல் நடக்கவில்லை என்று அர்த்தம். விசாரணை மாதிரி கேட்டால் மறுநாளிலிருந்து கற்பனைக் குழம்புகள் வர ஆரம்பித்துவிடும், அதிலும் கவனம் வேண்டும்.

ஊருக்குப் போகும்போது வீடே நிறையச் சொல்லும். கேஸ் சிலிண்டர் எத்தனை மாதம் வருகிறது என்று பாருங்கள். முன்பு மூன்று மாதம் வந்த 14.2 கிலோ சிலிண்டர் இப்போது ஆறேழு மாதம் வந்தால், அது சிக்கனமில்லை, அடுப்பே எரியவில்லை. ஃபிரிட்ஜில் போன வாரத்துப் பால் பாக்கெட் பிரிக்காமல் இருக்கிறதா? போன முறை நீங்கள் வாங்கிக் கொடுத்த பருப்பு அப்படியே டப்பாவில் வண்டு பிடித்துக் கிடக்கிறதா? கேழ்வரகு மாவு நமுத்துப் போயிருக்கிறதா? குப்பைக் கூடையில் பிஸ்கட் உறைகளும் ரெடிமேட் பொட்டலங்களும்தான் கிடக்கின்றனவா?

உடம்பும் சொல்லும். வளையல் முழங்கை வரை ஏறுகிறது, ரவிக்கை தோளில் நிற்க மறுக்கிறது, மோதிரத்தில் நூல் சுற்றியிருக்கிறார், பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருக்கிறார், பல் செட் லொடலொடவென்று ஆடுகிறது: இவை எல்லாம் எடை குறைந்ததன் அடையாளங்கள். "வயசாச்சுன்னா இளைக்கத்தானே செய்யும்" என்று விட்டுவிடாதீர்கள். முயற்சி எதுவும் செய்யாமல் ஆறு மாதத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். 60 கிலோ இருந்தவருக்கு அது வெறும் 3 கிலோதான்.

எடை பார்க்கும் கருவி ஒன்று வாங்கி வைத்து, மாதம் ஒரு நாள், காலையில் சாப்பிடும் முன் நிறுத்துப் பார்த்து காலண்டரில் எழுதச் சொல்லுங்கள். இன்னொரு சுலபமான சோதனையும் உண்டு: தையல் டேப்பால் கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றி அளப்பது. 31 செ.மீ.க்குக் கீழே இருந்தால் தசை கரைந்திருக்க வாய்ப்பு அதிகம். காலில் நீர் கோத்து வீங்கியிருந்தால் இந்த அளவும் ஏமாற்றும், எடையும் ஏமாற்றும். உடம்பு பருமனாக இருக்கிறதே என்று நிம்மதி அடையவும் முடியாது. தொப்பை இருக்கும், கை கால் தசை போயிருக்கும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்று பாருங்கள், அது தராசு சொல்லாததைச் சொல்லிவிடும்.

படி 2: ஏன் என்று தெரிந்த பிறகு மளிகை வாங்குங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிட்டு நேராகப் பாதாம் பிஸ்தாவில் இறங்குவதுதான் பிள்ளைகளின் வழக்கம். பாதாமைக் கடிக்கப் பல் வேண்டாமா?

பல்லிலிருந்தே தொடங்கலாம். பல் வலியோ, பொருந்தாத பல் செட்டோ இருந்தால் முதலில் நிற்பது கறி, சுண்டல், பச்சைக் காய், பழம். மிஞ்சுவது குழைந்த சாதமும் ரசமும். பல் செட் கட்டும் செலவுக்குத் தயங்கினால், பல் மருத்துவக் கல்லூரிகளில் பேராசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் செய்து தருவார்கள், வெளியே ஆவதைவிடச் செலவு நன்றாகக் குறையும்.

அடுத்தது மலச்சிக்கல். மூன்று நாள் போகவில்லை என்றால் யாருக்குப் பசிக்கும்? பெரியவர்கள் இதை மகனிடம் சொல்ல மாட்டார்கள், மருமகளிடம் சொல்லவே மாட்டார்கள். நீங்களே கேட்க வேண்டும். கீரை, காய், ஒரு பூவன் பழம், போதுமான தண்ணீர், கொஞ்சம் நடை. இதிலேயே பலருக்குச் சரியாகிவிடும்.

முழங்கால் வலி இன்னொன்று. அரை மணி நேரம் அடுப்பு முன் நிற்க முடியாதவர், பத்து நிமிடத்தில் முடிவதைத்தான் சமைப்பார். கண் புரையும் உண்டு. அரிசியில் கல் தெரியவில்லை, கீரையில் புழு தெரியவில்லை என்றால் கீரை வாங்குவதையே நிறுத்திவிடுவார்கள்.

பயம் ஒன்று இருக்கிறது, இதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். சர்க்கரை என்று டாக்டர் சொன்னதும் பழத்தை நிறுத்துவது, கொழுப்பு என்றதும் முட்டையை நிறுத்துவது, யூரிக் அமிலம் என்றதும் பருப்பை நிறுத்துவது, பிரஷர் என்றதும் உப்பை அறவே நிறுத்துவது. போதாததற்கு வாட்ஸ்அப்பில் வரும் "இதைச் சாப்பிட்டால் ஆபத்து" பட்டியல்கள். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் தட்டில் எதுவும் மிச்சமில்லை. 75 வயதில், எடை குறைந்துகொண்டே வரும் ஒருவருக்கு, கடுமையான பத்தியம் நன்மையைவிடக் கெடுதலே அதிகம் செய்யும். எதை உண்மையிலேயே நிறுத்த வேண்டும், எது வேண்டாத பயம் என்று மருத்துவரிடம் ஒரு முறை உட்கார்ந்து பேசி, பட்டியலைச் சுருக்கிக்கொண்டு வாருங்கள்.

மனசையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துணையை இழந்த முதல் வருடம் சாப்பாடு குறைவது சகஜம்தான். ஆனால் பிடித்த சீரியலும் வேண்டாம், கோயிலும் வேண்டாம், குளிக்கவும் சோம்பல் என்று சாப்பாட்டோடு எல்லாமே சேர்ந்து குறைந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மருந்தால் சரியாகக்கூடியது. செய்ததையே மறப்பது, அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போய்விடுவது, சாப்பிட்டதை மறந்து மறுபடி சாப்பிடுவது போன்றவை இருந்தால் மறதி நோய்க்கான பரிசோதனை வேண்டும்.

படி 3: புரதக் கணக்கு போடுங்கள்

55 கிலோ எடையுள்ள ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். காலையில் காபி, இரண்டு இட்லி, கொஞ்சம் சட்னி. மதியம் சாதம், ரசம், ஒரு கரண்டி பொரியல். மாலையில் காபி, நாலு பிஸ்கட். இரவு தயிர் சாதம், ஊறுகாய். கேட்டால் "நல்லாத்தானே சாப்பிடறேன்" என்பார். நமக்கும் அப்படித்தான் தோன்றும்.

கணக்கைப் பாருங்கள். இரண்டு காபிக்கும் சேர்த்து 200 மி.லி. பால் என்றால் 6.5 கிராம் புரதம். இட்லி இரண்டுக்கும் 4, சட்னி 1. மதியச் சாதம் கால் கிலோ என்று வைத்தால் 6, ரசமும் பொரியலும் சேர்ந்து 3. பிஸ்கட் 1. இரவு 200 கிராம் சாதத்துக்கு 5, தயிருக்கு 2.5. மொத்தம் 29 கிராம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட அளவின்படி பெரியவர்களுக்கு எடை கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். முதியோர் உணவு பற்றிய சர்வதேச வல்லுநர் குழுக்கள் 65 வயதுக்கு மேல் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை சொல்கின்றன. வயதாக ஆகத் தசை புரதத்தை எடுத்துக்கொள்ளும் திறன் குறைவதே காரணம். ஆக, நம் அம்மாவுக்கு 55 கிராம் வேண்டும், கிடைப்பது அதில் பாதி. கீழே விழுவதும், விழுந்தால் எழ முடியாமல் போவதும், சின்னக் காய்ச்சலுக்கே படுத்த படுக்கையாவதும் இந்தப் பாதிக் கணக்கிலிருந்துதான் தொடங்குகின்றன.

மீதி 26 கிராமை எப்படிக் கொண்டுவருவது? ஒரு முட்டை, 6. மதியம் ரசத்தோடு ஒரு கைப்பிடி (30 கிராம்) பருப்பைக் கெட்டியாகக் கடைந்தால், 7. பொட்டுக்கடலை 30 கிராம், துவையலாகவோ பொடியாகவோ, 6.5. படுக்கும் முன் ஒரு டம்ளர் பால், 6.5. முடிந்தது, 26. பழைய சாப்பாட்டில் எதையும் நிறுத்தவில்லை, புதுப் பழக்கம் எதையும் திணிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 70 வயதுக்கு மேல் ஓட்ஸும் கினோவாவும் அறிமுகம் செய்து வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

முட்டை சாப்பிடாத வீட்டில் அந்த இடத்தில் மாலை பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல். 30 கிராம் கடலை ஊறவைத்தால் 6 கிராம் கிடைக்கும். பல் இல்லாதவருக்குக் குழைய வேகவைத்து மசித்துத் தாளித்துக் கொடுக்கலாம். அசைவம் உண்டு என்றால் வேலை இன்னும் சுலபம்: நூறு கிராம் மீனில் 18 கிராமுக்குக் குறையாது. நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டால் கால்சியமும் சேர்ந்து வரும்.

ஆட்டுக்கால் சூப்பைப் பற்றிச் சொல்லாமல் போனால் சண்டைக்கு வருவார்கள். எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு வடித்த சூப் நாக்குக்கு இதம், பசியைக் கிளப்பும், அவ்வளவுதான். அதில் உள்ள புரதம் கொஞ்சம், தரமும் குறைவு. சூப்பைக் கொடுங்கள், கூடவே கறியையும் மசித்துக் கொடுங்கள். "சூப் குடிச்சிட்டாங்க" என்று ஒரு வேளைச் சாப்பாட்டைக் கழித்துவிடாதீர்கள். கடையில் விற்கும் ஊட்டச்சத்து பானப் பொடிகளும் அப்படியே. பல பிராண்டுகளின் உறையைத் திருப்பிப் படித்தால் மால்ட்டும் சர்க்கரையும்தான் முன்னால் நிற்கும். அந்தக் காசுக்குப் பாலும் முட்டையும் வாங்கலாம்.

கால்சியத்துக்கு 60 வயதுக்கு மேல் நாளுக்கு 1200 மி.கி. என்று அதே கழகம் சொல்கிறது. ஒரு டம்ளர் பாலில் சுமார் 240 வரும். 100 கிராம் கேழ்வரகில் 340க்கு மேல். எள்ளுப் பொடி, முருங்கைக்கீரை இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வைட்டமின் டி சாப்பாட்டில் போதிய அளவு கிடைக்காது. வெயில் வேண்டும், பலருக்கு மாத்திரையும் வேண்டியிருக்கும்.

முக்கியமான எச்சரிக்கை: சிறுநீரகக் கோளாறு இருப்பவருக்கு இந்தப் புரதக் கணக்கு அப்படியே பொருந்தாது. கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) எவ்வளவு என்று தெரியாமல் பருப்பையும் முட்டையையும் கூட்டாதீர்கள். அவர்களுக்கு இளநீர், கீரை, பழம் எல்லாவற்றிலும் உள்ள பொட்டாசியத்தையும் பார்க்க வேண்டும். "உப்புக்குப் பதில்" என்று விற்கும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம்தான் இருக்கிறது, அதையும் மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

படி 4: சமையலறையை ஒரு ஆளுக்கு ஏற்ற மாதிரி மாற்றுங்கள்

ஐந்து லிட்டர் குக்கரில் ஒரு பிடி பருப்பை வேகவைக்கச் சொன்னால் யாருக்கும் வெறுத்துப் போகும். பெரிய பாத்திரங்களைப் பரணில் ஏற்றுங்கள். இரண்டு லிட்டர் அல்லது மூன்று லிட்டர் குக்கர், அதற்குள் அடங்கும் இரண்டு சின்னக் கிண்ணங்கள், லேசான தோசைக்கல், மிக்ஸியில் சின்ன ஜார். இவை எல்லாம் இடுப்பு உயரத்தில், குனியாமலும் எக்காமலும் எடுக்கிற இடத்தில் இருக்கட்டும். அடுப்புப் பக்கத்தில் முதுகு சாய்வுள்ள உறுதியான நாற்காலி ஒன்று. அடுப்பு மேடைக்கு மேலே நல்ல வெளிச்சம். மறதி இருந்தால் தானாக அணையும் இண்டக்ஷன் அடுப்பு கேஸைவிடப் பாதுகாப்பு.

ஒரே குக்கரில் மதியச் சாப்பாடு முடிகிற விதத்தை விளக்கமாகவே சொல்கிறேன். அடியில் ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு, ஒரு டம்ளர் தண்ணீர், இரண்டு பல் பூண்டு, ஒரு தக்காளி, சிட்டிகை மஞ்சள், நறுக்கிய கீரை ஒரு பிடி. அதன் மேல் ஒரு கிண்ணத்தில் அரை ஆழாக்கு அரிசியும் வேண்டிய தண்ணீரும். அதற்கும் மேலே சின்னத் தட்டில் கேரட்டோ பூசணியோ நாலு துண்டு. நாலு விசில். அடங்கியதும் கீரைப் பருப்பை உப்புப் போட்டு மத்தால் கடைந்து, சீரகம் மிளகாய் தாளித்து, ஒரு ஸ்பூன் நெய் விட்டால் சாதம், கூட்டு, காய் மூன்றும் ஆயிற்று. கழுவ வேண்டியது ஒரு குக்கரும் ஒரு கிண்ணமும் ஒரு சின்னத் தட்டும். பாத்திரம் கழுவும் அலுப்பே பாதிச் சமையலை நிறுத்துகிறது என்பதால் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தினமும் முழுச் சமையல் வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள், சொல்லப்போனால் ஞாயிறும் புதனும், கொஞ்சம் கூடுதலாகச் செய்து வைத்தால் மற்ற நாட்கள் ஓடிவிடும். இட்லி மாவோடு அடை மாவும் அரைத்து வைக்கலாம். அடையில் துவரை, கடலை, உளுந்து மூன்றும் இருப்பதால் இரண்டு அடைக்கு வரும் புரதம் இட்லிக்கு வராது. சுண்டலை வேகவைத்து ஒரு வேளை அளவாகச் சின்னச் சின்ன டப்பாவில் ஃப்ரீசரில் போடலாம். பருப்புப் பொடி, பொட்டுக்கடலைப் பொடி, முருங்கை இலைப் பொடி எப்போதும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சூடான சாதம், இரண்டு ஸ்பூன் பருப்புப் பொடி, நெய், ஒரு முட்டை: உடம்புக்கு முடியாத நாளுக்கு அது போதும்.

மிச்சம் வைப்பதில் ஒரு ஆபத்து உண்டு. வயதாக ஆக மோப்பம் மங்கும், கெட்டுப்போன வாடை தெரியாது. "நல்லாத்தானே இருக்கு" என்று ஊசிப்போன குழம்பைச் சாப்பிட்டு வயிற்றுப்போக்கில் படுப்பவர்கள் உண்டு. அதனால் டப்பா மேல் பேப்பர் டேப் ஒட்டி, செய்த கிழமையைப் பெரிய எழுத்தில் எழுதும் பழக்கம் வேண்டும். புதன் பருப்பு வெள்ளியோடு சரி. வடித்த சாதத்தை நாள் முழுக்க வெளியே வைத்து இரவில் சுடவைத்துச் சாப்பிடுவதும் வேண்டாம். சாதத்தில் வளரும் ஒரு வகைக் கிருமி விடும் நஞ்சு, சூடாக்கினாலும் போகாது. இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும்.

நாக்கில் ருசி குறையும்போது பெரியவர்கள் உப்பையும் ஊறுகாயையும் கூட்டுவார்கள். அதற்குப் பதில் எலுமிச்சை, மிளகு, சீரகம், கறிவேப்பிலை, கொத்தமல்லி, இஞ்சி, வறுத்த பெருங்காயம் எல்லாம் தாராளமாகப் போடலாம். பசியே இல்லாதவருக்கு ஒரு ஸ்பூன் ஊறுகாய் சாப்பாட்டை இறக்கிவிடும் என்றால் அந்த ஒரு ஸ்பூனுக்கு நான் சண்டை போட மாட்டேன்.

படி 5: இரவுச் சாப்பாட்டைக் காப்பாற்றுங்கள்

முதலில் காணாமல் போகும் வேளை இதுதான். இருட்டிய பின் தனியாக உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்காது, மாலை காபியும் பிஸ்கட்டும் பசியைக் கெடுத்திருக்கும், "ஒரு டம்ளர் மோர் போதும்" என்று படுத்துவிடுவார்கள். மறுநாள் காலை எட்டு மணி வரை கிட்டத்தட்ட பதினாறு மணி நேரம் வயிறு காலி. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு இது வெறும் பலவீனத்தோடு நிற்காது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்தால் நடு இரவில் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கி வியர்த்து, தடுமாறி, விழுந்துவிடலாம். தனியாக இருப்பவரை யார் பார்ப்பது?

நேரத்தை முன்னால் தள்ளுங்கள். ஏழு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. சமையல் என்று பெயர் சொல்ல முடியாத அளவுக்குச் சுலபமானதாக இருக்கட்டும்: மதியமே கரைத்து வைத்த கேழ்வரகுக் கூழில் தயிர் விட்டு, இல்லாவிட்டால் முட்டைத் தோசை ஒன்று, அல்லது அடை, அல்லது காய் போட்ட ரவை உப்புமாவில் ஒரு கை வறுத்த வேர்க்கடலை. கேழ்வரகு, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, வேர்க்கடலை வறுத்து வீட்டில் அரைத்த சத்துமாவு இருந்தால் பாலில் காய்ச்சிக் குடிக்கப் பத்து நிமிடம். ஒன்பது மணிக்கு அந்த ஒரு டம்ளர் பால். பால் சேராதவருக்கு இரவு உணவிலேயே தயிரைக் கூட்டிவிடலாம்.

உங்கள் தினசரி போன் அழைப்பையும் இந்த நேரத்துக்கு மாற்றலாம். நீங்கள் அங்கே தட்டோடு, அவர் இங்கே தட்டோடு, ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டே சாப்பிட்டால் இரண்டு தோசை மூன்றாகும். பேரப் பிள்ளைகளை இந்த வேலைக்கு அமர்த்துவது இன்னும் நல்லது.

படி 6: தண்ணீர்

வயதானால் தாகம் சரியாக எடுக்காது. அதோடு, இரவில் நாலு முறை கழிவறைக்கு எழ வேண்டுமே என்று வேண்டுமென்றே குறைத்துக்கொள்பவர்கள் ஏராளம். பெண்களுக்கு 1.6 லிட்டர், ஆண்களுக்கு 2 லிட்டர் அளவுக்குத் தண்ணீர், மோர், காபி, ரசம் எல்லாம் சேர்ந்து உள்ளே போக வேண்டும். கோடையில் இன்னும் கூட. காலையில் எழுந்தது முதல் மாலை ஆறு மணிக்குள் பெரும் பகுதியைக் குடித்துவிட்டால் இரவுத் தொல்லை குறையும். ஒரு பாட்டிலை நிரப்பி மேசை மேல் வைத்து, மதியத்துக்குள் காலி, மாலைக்குள் இன்னொன்று காலி என்று வைத்துக்கொள்ளட்டும். இதய நோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ டாக்டர் தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்தியிருந்தால் அந்த அளவுதான்.

"சோடியம் குறைஞ்சுடுச்சு" என்று பெரியவர்களை மருத்துவமனையில் சேர்ப்பது நம் ஊரில் அடிக்கடி கேட்கும் கதை. நீர் மாத்திரை, உப்பில்லாப் பத்தியம், நாலு நாள் சரியாகச் சாப்பிடாதது எல்லாம் சேரும்போது இது நடக்கும். திடீரென்று குழப்பமாகப் பேசுவது, தள்ளாட்டம், தூங்கி வழிவது இருந்தால் வயசு என்று நினைக்காமல் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள்.

படி 7: மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

சாப்பாட்டைக் கெடுக்கும் மாத்திரைகளும் உண்டு, சாப்பாடு கெடுக்கும் மாத்திரைகளும் உண்டு. சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மினைப் பல வருடம் எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம். நெஞ்செரிச்சலுக்கு வருடக்கணக்கில் போடும் பான்டோபிரசோல் போன்றவையும் அப்படியே. சைவம் சாப்பிடுபவருக்கு மூன்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்: கால் மதமதப்பு, மறதி, சோர்வு. வருடம் ஒரு முறை பி12 பார்த்துவிடுங்கள்.

தைராய்டு மாத்திரையைக் காபியோடு விழுங்கக் கூடாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, குறைந்தது அரை மணி நேரம் கழித்துக் காபி. கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கும் அதற்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரை எடுக்கும் நேரத்தில் டீ, காபி வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசினோகூமரால் எடுப்பவர் கீரையை நிறுத்த வேண்டியதில்லை, வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டால் போதும். இதயத்துக்குத் தரும் டிகாக்ஸின் உட்படச் சில மருந்துகள் பசியையே அடைத்துவிடும். புது மாத்திரை தொடங்கிய பிறகு சாப்பாடு குறைந்தது என்றால் அதையே டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

படி 8: ஆட்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

எல்லாவற்றையும் அம்மாவே செய்ய வேண்டும் என்பது இல்லை. தெருவில் நம்பிக்கையான ஒருவரை நாளுக்கு ஒரு மணி நேரம் வரச் சொல்லி, காய் நறுக்கவும் பாத்திரம் கழுவவும் வைத்தாலே போதும், சமையலை அம்மா பார்த்துக்கொள்வார். முழுச் சமையலையும் பிடுங்கிக்கொண்டால் சிலருக்கு அடுத்த நாளே வயதாகிவிடும். அப்பாவுக்கு மெஸ் சாப்பாடு வீட்டுக்கு வருகிறது என்றால், அதன் பருப்பும் சாம்பாரும் தண்ணியாகத்தான் இருக்கும். வீட்டில் ஒரு முட்டையும் ஒரு கிண்ணம் தயிரும் சேர்த்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்யுங்கள். முட்டை வேகவைக்கவும் குக்கர் வைக்கவும் 70 வயதிலும் கற்றுக்கொள்ளலாம், என் பெரியப்பா கற்றுக்கொண்டார், இப்போது மற்றவர்களின் ரசத்தில் குறை சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார்.

பக்கத்து வீட்டுக்காரரோடு குழம்புப் பரிமாற்றம் ஒரு பழைய, நல்ல ஏற்பாடு. தனியாக இருக்கும் இரண்டு பேர் மாற்றி மாற்றிச் சமைத்தால் சமையல் நாள் பாதியாகும். "ஓசியில வாங்கிச் சாப்பிடறதா" என்ற கூச்சம் இருக்கும், எனவே திருப்பிக் கொடுக்க ஏதாவது இருக்க வேண்டும்: மாவு, பூ, பேப்பர், பிள்ளைகளுக்குப் பாடம்.

அரசு தருவதையும் விட வேண்டாம். ரேஷன் கடையில் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு ஆளுக்கு நாளுக்கு 33 கிராம், படி 3இல் சொன்ன கைப்பிடி அப்படியே வந்துவிட்டது. வரிசையில் நிற்க முடியாத முதியவர்களின் வீட்டுக்கே ரேஷன் பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. உங்கள் கடையில் எந்த நாளில் என்று கேட்டு வையுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கு வரும். வரும் தன்னார்வலரிடம் எடை குறைவதையும் சொல்லலாம். சமைக்கவே முடியாத நாளில், அம்மா உணவகம் பக்கத்தில் இருந்தால் மலிவாகப் பசி ஆறும். வயிறு நிறையும், பருப்பும் முட்டையும் வீட்டில்தான் சேர்க்க வேண்டும்.

படி 9: எப்போது டாக்டர்

எடை குறைவதைப் பற்றி முன்பே சொன்னேன். சாப்பிடும்போது அடிக்கடி புரையேறுவது, தண்ணீர் குடித்தால் இருமல், தொண்டையில் சிக்குவது இருந்தால் விழுங்குவதில் கோளாறு. கஞ்சியைக் கொடுத்துச் சமாளிக்காமல் உடனே காட்டுங்கள். மூன்று நாளுக்கு மேல் பாதிச் சாப்பாடுகூட இறங்கவில்லை, திடீர்க் குழப்பம், கறுத்த மலம், தொடர் வாந்தி என்றால் காத்திருக்க வேண்டாம். நீண்ட நாள் சரியாகச் சாப்பிடாமல் மெலிந்து போனவருக்கு ஒரே நாளில் விருந்து வைப்பதும் ஆபத்து. உடம்பில் உப்புகளின் சமநிலை குலைந்துவிடும், மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும்.

முதியோருக்கென்றே சென்னை கிண்டியில் 2024 முதல் தேசிய முதியோர் நல மருத்துவமனை இயங்குகிறது. மாவட்டங்களில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் முதியோர் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். போகும்போது எடை எழுதிய காலண்டரையும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், வீட்டு வைத்தியப் பொடிகள் உட்பட.

ஊரிலிருந்து கிளம்பும் முன் ஃபிரிட்ஜ் கதவில் பெரிய எழுத்தில் நாலு எண்களை ஒட்டிவிட்டு வாருங்கள்: உங்களுடையது, பக்கத்து வீட்டுக்காரருடையது, ஆம்புலன்ஸ் 108, முதியோர் உதவி எண் 14567.